ராஜாவுக்கு ஒரு ஜன்னல்

செவ்வாய், மார்ச் 5
குழந்தைகள் வார்டு, மூன்றாம் மாடி

செஸ் டீச்சர் அவர்களுக்கு,

நாத்தனார் என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் டீச்சர். போனில் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் கத்துவேன். இங்கே கத்தினால் வார்டு முழுக்கப் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். மாடி டைலரம்மா சாப்பாடு கொண்டுவரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதுவதாக இருந்தாலும் அவரிடமே கொடுங்கள். நேரில் மட்டும் வராதீர்கள்.

உங்கள் அண்ணன் லாரியோடு எந்த ரோட்டில் இருக்கிறாரோ, உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, ராத்திரி டைலரம்மா வீட்டில் படுத்திருந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்து சாப்பாடு போட்டுவிட்டு மத்தியானம் படுத்தேன். வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பின்கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டேன். சின்னவன் நடக்க ஆரம்பித்த அன்றைக்கு அவனுக்காகவே அடித்த தாழ்ப்பாள் அது. எனக்கே எக்கினால்தான் எட்டும்.

உங்கள் மருமகள், அந்த ஏழு வயதுச் சீமாட்டி, முக்காலியைப் போட்டு ஏறி அதைத் திறந்திருக்கிறாள். டைலரம்மா மாடியிலிருந்து கண்ணால் பார்த்திருக்கிறார், துணி காயப்போடத் திறக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். திறந்தவள் வெளியே போகவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். படுத்துத் தூங்கியும் விட்டாள்! சின்னவன் ராஜா எழுந்து பின்சந்து வழியாக மெயின் ரோட்டுக்குப் போய்விட்டான். பைக்காரன் பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. உயிர் இருக்கிறது, அது போதும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்திலும் அவளைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டி திறந்தே?" முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ராஜா வெளியில போகட்டும்னுதான் திறந்தேன்."

போகட்டுமாம். தொலையட்டும் என்கிற மாதிரி. நான் அறைந்தேன். அதற்கப்புறம் அவள் வாயையே திறக்கவில்லை.

தம்பி பிறந்ததிலிருந்து அவளுக்கு முகம் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். மடியில் இடம் போச்சு, தட்டில் முதல் வாய் போச்சு. எல்லாப் பெரிய பிள்ளைக்கும் உள்ளதுதான், தானே சரியாகிவிடும் என்றிருந்தேன். அதில் நீங்கள் வேறு எண்ணெய் ஊற்றினீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை உங்கள் மாடிக்குப் போய்விட்டு வந்து அவள் என்ன பேசுவாள் தெரியுமா? "இன்னிக்கு ராஜாவைக் கொன்னுட்டேன்மா. ஏணி மாட்." இன்னொரு நாள் மூச்சடைப்பு மாட். மூச்சு முட்ட வைத்துக் கொல்வதாம். ராஜாவைக் கொல்ல எத்தனை வழி என்று விரல் விட்டு எண்ணுவாள். நானும் பெருமையாகச் சிரித்தேன், மூளை கெட்டவள்.

என் பெரியக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார். இரண்டு பேரையும் ஒரே கூரைக்குள் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. நான் வேலைக்குப் போகிறவள். எப்போதும் முழித்திருக்க முடியாது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ராஜாவின் அம்மா

●

புதன், மார்ச் 6

அண்ணி,

நீங்கள் டீச்சர் என்றால் நான் 'பெற்றோர் அவர்களுக்கு' என்று ஆரம்பிக்க வேண்டும். அது நடக்காது. நீங்கள் எனக்கு அண்ணிதான்.

திங்கட்கிழமையே வந்தேன். பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். 'விடாதே' என்று நீங்கள் எவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருந்தால் அவர் அப்படி நிற்பார்! பிஸ்கட் பாக்கெட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வந்து சேர்ந்ததா, அவரே தின்றுவிட்டாரா தெரியவில்லை. பயலுக்கு இப்போது வலி எப்படி? ராத்திரி தூங்குகிறானா? கோபத்தோடாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. செஸ் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கொலைகாரியாகிவிடும் என்றால், எங்கள் மாடியில் சனிக்கிழமை பதினைந்து கொலைகாரர்கள் வரிசையாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். மாட் என்றால் என்ன? ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போவது. அவ்வளவுதான். ராஜாவைப் பலகையை விட்டு எடுக்கக்கூட மாட்டோம். 'கொன்னுட்டேன்' என்பது பிள்ளைகள் பேச்சு. நான் ஒருநாளும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

போன சனிக்கிழமை நடத்திய பாடத்தையே சொல்கிறேன், நீங்களே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்குக் கடைசி வரிசை மாட் என்று பெயர். ராஜா கடைசி வரிசையில் மூலையில் உட்கார்ந்திருப்பான். முன்னால் அவனுடைய சிப்பாய்கள் மூன்று பேர் தோளோடு தோள் நிற்பார்கள். பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும், பிள்ளைகளும் 'பத்திரம், பத்திரம்' என்பார்கள். எதிரியின் யானை கடைசி வரிசைக்கு வந்து நின்றால் போச்சு. பக்கத்தில் நகர முடியாது, முன்னால் நகரச் சொந்தச் சிப்பாயே வழிமறிக்கிறான். உள்ளேயே மாட்டிக்கொள்வான். அப்படி ஆகாமலிருக்க ஒரு சிப்பாயை முன்கூட்டியே ஒரு கட்டம் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு ஜன்னல் என்று பெயர். இதில் கொல்ல எங்கே சொல்லிக் கொடுத்தேன்? காப்பாற்றத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

உங்கள் மகள் இந்தப் பாடத்தில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றாள். அழுதாள். அவளுக்குத் தம்பி மேல் வெறுப்பு என்கிறீர்களே, நான் ராஜா எப்படி நகர்வான் என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே தம்பியை வைத்துத்தான். "உங்க வீட்டு ராஜா எப்படி நடப்பான்? தத்தக்கா புத்தக்கான்னு ஒரு எட்டு வச்சு நிப்பான்ல, இந்த ராஜாவும் அப்படித்தான்" என்பேன். வகுப்பே சிரிக்கும். அவள் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டுமே! ஏதோ ராஜாவைக் கண்டுபிடித்ததே அவள்தான் என்கிற மாதிரி. வெறுக்கிறவள் முகமா அது?

அவளை அனுப்பாதீர்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கும்பிட்டுவிட்டு இதையும் கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி: ஏழு வயதுக் குழந்தையிடம் காவலை ஒப்படைத்துவிட்டுத் தூங்கியது யார்?

உங்கள் நாத்தனார்

●

வியாழன், மார்ச் 7

உனக்கு இனிமேல் 'நீங்கள்' கிடையாது.

தூங்கினேன். ஆமாம். ராத்திரி முழுக்கக் காலை மாற்றி மாற்றி நின்று, கொதிக்கிற படுக்கை விரிப்பை மலைமலையாக மடித்துவிட்டு வந்து தூங்கினேன். உனக்கு அது என்ன என்று தெரியாது. மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மரப்பொம்மையை நகர்த்துகிறவளுக்கு எப்படித் தெரியும்? தூங்கியதற்கு நான் என்னை எவ்வளவு திட்டிக்கொள்கிறேன் என்று உனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் காவலை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தாழ்ப்பாளிடம் ஒப்படைத்தேன்.

நேற்று டைலரம்மா வந்து ஒன்று சொன்னார். இவள் அவர் வீட்டில் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாளாம். யாரிடமும் பேச்சில்லை. நேற்று மட்டும் அவளாகவே அவர் முந்தானையை இழுத்து ஒரு கேள்வி கேட்டாளாம். என்ன கேட்டாள் தெரியுமா? தம்பிக்கு வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. "ஆஸ்பத்திரில ராஜா படுத்திருக்க ரூம் கதவைப் பூட்டுவாங்களா?"

அந்தக் கதவு இவளுக்கு எதற்கு? அவன் மாவுக்கட்டோடு கிடக்கிறான், இன்னும் இவளுக்குக் கதவு ஞாபகம். டைலரம்மாவே, "பிள்ளை ஏதோ ஒரு மாதிரியா இருக்கும்மா, எதுக்கும் ஜாக்கிரதை"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

உன் யானைக் கதை, சிப்பாய்க் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். ஜன்னலாம், கோட்டையாம். இங்கே பிள்ளைக்கு ஒன்றுக்குப் போகக்கூட ஒரு ஆள் தூக்க வேண்டியிருக்கிறது. பிஸ்கட் வந்தது. அவன் தின்றான். அதற்கு நன்றி.

பெரியக்காவிடம் பேசிவிட்டேன். ஞாயிறு வரை வேண்டாம், சனிக்கிழமை காலை பஸ்சிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். இனி எழுதாதே.

●

வெள்ளி, மார்ச் 8

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம், சனிக்கிழமை வருகிறவர்களில் குட்டிப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் வகுப்பு. எனக்கு மனசே இல்லை. வழக்கம்போல "வீட்டுப்பாடம் யார் யார் செஞ்சீங்க?" என்று வாய் மட்டும் கேட்டது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் இருக்கிறாள், பேசினால் பாதி காற்றாகத்தான் வரும். அவள் எழுந்து, "மிஸ், நான் செஞ்சேன். ஆனா எங்கம்மா திட்டுனாங்க" என்றாள். ஏன்டி திட்டினாங்க என்றேன். "ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்கினேன் மிஸ். வீடு பூரா கொசு. தம்பி ராத்திரியெல்லாம் சொறிஞ்சான்" என்றாள்.

மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காய்களெல்லாம் உருண்டன.

அண்ணி, போன சனிக்கிழமை வகுப்பு முடிகிறபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? தினமும் படுப்பதற்கு முன்னால் ஓர் ஆட்டம் ஆடிப் பழகட்டும் என்று நினைத்து, கையைத் தூக்கிக்கொண்டு சொன்னேன்: "எல்லாருக்கும் வீட்டுப்பாடம்! ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைக்காம யாரும் தூங்கக் கூடாது!" பிள்ளைகளும் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். உங்கள் மகளிடம் தனியாக வேறு சொன்னேன். மூன்று ஆட்டம் தோற்றவள் ஆயிற்றே. "நீதான் ராஜாவை உள்ள வச்சு அடைச்சு அடைச்சு வைக்கிற. ராஜா வெளிய போக ஒரு வழி விட்டுட்டுத்தான் நீ தூங்கணும், சரியா?" சரி அத்தை என்று தலையை ஆட்டினாள்.

அவளுக்கு எந்த ராஜா? உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ராஜா ஒரே ஒருத்தன்தான். அவனுக்கு நாம் வைத்த பெயர் நமக்கே மறந்துபோயிற்று, தெருவே அவனை ராஜா என்றுதான் கூப்பிடுகிறது. பலகை மேல் இருக்கிற ராஜாவும் அவனும் ஒன்றுதான் என்று வாராவாரம் சொல்லிக் கொடுத்ததும் நான்தானே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கப் போகும்முன் வீட்டுப்பாடம் செய்திருக்கிறாள் அண்ணி. செய்துவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

'ராஜா வெளியில போகட்டும்னுதான் திறந்தேன்.' அதை மறுபடி படியுங்கள். தொலையட்டும் என்று அவள் சொல்லவில்லை. போக வழி இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்டுவார்களா என்று கேட்டதும் அதே பயம்தான். அவன் உள்ளே மாட்டிக்கொள்வானோ என்று அங்கே கிடந்து தவிக்கிறாள்.

என்னைத் திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும். ஆனால் அப்புறம் திட்டுங்கள். நாளைக் காலை பஸ். இப்போதே டைலரம்மா வீட்டுக்குப் போய் இதைக் கொடுக்கப் போகிறேன். அங்கே அவள் இருப்பாள். நானே அவளிடம் கேட்டுவிடலாம். கேட்டால், 'அத்தை சொல்லிக் கொடுத்த பதில்' என்பீர்கள். அதனால் அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்கள்தான் கேட்க வேண்டும். போலீஸ் மாதிரி கேட்காதீர்கள். 'அத்தை என்ன வீட்டுப்பாடம் கொடுத்தாங்க?' அது மட்டும் கேளுங்கள். நான் சொல்வது பொய்யாக இருந்தால் அவளைப் பஸ் ஏற்றிவிடுங்கள், நான் உங்கள் வாசலுக்கே வர மாட்டேன்.

●

ஞாயிறு, மார்ச் 10
வீடு

அடியே,

உன் கடிதம் எனக்குக் கிடைத்தபோது பெரியக்கா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியாயிற்று. டைலரம்மா ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்து முடித்துவிட்டு நிதானமாகச் சாப்பாட்டுப் பையோடு வந்தார். பைக்குள் தண்ணீர்ப் பாட்டிலுக்குக் கீழே உன் கடிதம். கிழிக்கத்தான் எடுத்தேன். கொசு என்கிற வார்த்தை கண்ணில் பட்டது. செஸ் டீச்சர் கொசுவைப் பற்றி என்ன எழுதுகிறாள் என்று படித்தேன்.

பக்கத்துப் படுக்கைக்காரம்மாவிடம் ராஜாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். செருப்பு மாறிப்போனது, இப்போதும் யாருடையதையோதான் போட்டிருக்கிறேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டே போனேன். பெரியக்கா என்னைப் பார்த்து, "ராஜாவுக்கு என்னடி ஆச்சு?" என்று அலறினார். அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஏறினேன். இவள் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அடிக்க வந்தேன் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. நீ எழுதியபடியே கேட்டேன். "அத்தை என்ன வீட்டுப்பாடம் கொடுத்தாங்க?"

சட்டென்று சீட்டை விட்டு எழுந்து நின்றுவிட்டாள், வகுப்பில் நிற்கிற மாதிரி. என்னிடம் ஆறு நாள் திறக்காத வாய். கைகட்டிக்கொண்டு ஒப்பித்தாள். "ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைக்காம யாரும் தூங்கக் கூடாது."

"நீ செஞ்சியா?"

"செஞ்சேன்மா. ஆனா ஜன்னல் இல்ல. நம்ம வீட்டு ஜன்னல்ல கம்பி இருக்கு, ராஜா போக முடியாது. அதான் கதவு."

கண்டக்டர் விசில் ஊதுகிறார், இறங்குகிறவர்கள் இறங்குங்கள் என்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. "இதை ஏன்டி அன்னிக்கே சொல்லல?" என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "நான் பதில் சொன்னேன், நீ அடிச்ச. தப்பான பதில்னு நெனச்சேன். சரியான பதில் எனக்குத் தெரியலம்மா."

நான் அந்தப் பஸ்சுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும். வாடி, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தால் அவள் வரவில்லை. "வேணாம்மா, நான் பெரியம்மாகூடப் போறேன். இங்க இருந்தா நான் மறுபடியும் எதையாவது தப்பா செஞ்சுடுவேன்" என்றாள். அழாமல் சொன்னாள். நான் அனுப்ப முடிவு செய்ததை அவளும் சரியென்று முடிவு செய்து வைத்திருந்தாள். தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன். பெரியக்கா டிக்கெட் வீணாகப் போனதற்கு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

ராஜாவை நேற்று மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் அண்ணன் நாளை வருகிறார். இதெல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் மருமகள் ஒரு கதவையும் தொடுவதில்லை. குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று, "அம்மா, திற" என்கிறாள். சாத்தியும் இருக்காது, ஒருக்களித்து வைத்திருப்பேன். விரலால் தள்ளினால் போதும். தள்ள மாட்டேன் என்கிறாள். காலையில் வாசலில் பேப்பர் விழுந்தது, எடுத்துக்கொண்டு வா என்றேன். கதவு வரைக்கும் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். அடித்த கை சொன்னால் எப்படிக் கேட்பாள்?

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. 'தூங்கியது யார்' என்று கேட்டாயே, அது சாகும்வரை நெஞ்சில் நிற்கும். நான் பெற்ற பிள்ளையை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன், அதுவும் நிற்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சண்டை போட எனக்கு ஓர் ஆள் வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் போடுவேன்?

நாளைக் காலை வா. பலகையைக் கொண்டுவராதே. வாசலில் பெல்லை அடித்துவிட்டு நில். நான் அடுப்பங்கரையில்தான் இருப்பேன், ஆனால் திறக்க மாட்டேன். உன் அண்ணன் வந்திருந்தாலும் அவரையும் திறக்க விட மாட்டேன். அவள்தான் வந்து திறக்க வேண்டும். மத்தியானம் ஆனாலும் வெயிலில் நில்லு, போய்விடாதே.

அண்ணி